மூடினால் மறையும் கோப்பு

கேள்வி: பைதானில் வரைந்த படத்தைத் தற்காலிகக் கோப்பில் சேமித்து உடனே படித்தால், லினக்ஸ் தருகிறது, விண்டோஸ் மட்டும் 'அனுமதி இல்லை' என்கிறதே?

பதில்: மூடியதும் தானே அழியும்படி திறந்த கோப்பை அதே பெயரில் மறுபடி திறக்க விண்டோஸ் விடாது. சரி என்று மூடினாலோ, படமே போச்சு! 2023இல் வந்த பைதான் 3.12 இதற்கு வழி செய்தது: தற்காலிகக் கோப்பைத் திறக்கும்போது 'டெலீட்_ஆன்_க்ளோஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கி, 'வித்' பகுதிக்குள்ளேயே மூடுங்கள், படியுங்கள். அந்தப் பகுதி முடியும்போதுதான் கோப்பு அழியும்.

ஆனால் என் ஓட்டு பைட்ஸ்ஐஓவுக்கே. படம் நினைவகத்திலேயே இருக்கும், வட்டில் குப்பை சேராது. எழுதி முடித்ததும் சீக்(0) போட மறக்காதீர்கள். மறந்தால் ரீட்() வெறுங்கையோடு திரும்பும். வடிவம் பிஎன்ஜியாக இருக்கட்டும். ஜேபெக்கில் சேமித்தால் புள்ளிகளின் நிறம் மாறிவிடும். பிறகு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுச் சோதிக்க முடியாது.