தட்டில் காது தேடுவோர்

ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கும் பெரிய மனிதர் ஒரு தட்டை வாங்கியதும் ஊசியைத் தேடமாட்டார், டியூப்லைட்டைத் தேடுவார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கும் வழுவழுப்பான இடத்தை உற்றுப் பார்ப்பார். அங்கே காது மாதிரி ஒரு கிறுக்கல் தெரிய வேண்டும். காதாவது, மூக்காவது! ப்ளூ நோட் கம்பெனிக்குத் தட்டு அச்சடித்துக் கொடுத்த ப்ளாஸ்டிலைட் ஆலையின் 'பி' எழுத்து அது. காது இருந்தால் பழைய அச்சு, விலை எக்கச்சக்கம். இல்லையென்றால் அதே லீ மார்கன் அதே டிரம்பெட்டை ஊதியும் பயனில்லை. அடுத்து லேபிளில் கம்பெனி முகவரி: லெக்சிங்டன் அவென்யூவா, மேற்கு 63-ஆம் தெருவா? வீட்டுப் பத்திரத்தைக்கூட இவர் இவ்வளவு கூர்ந்து படித்திருக்க மாட்டார்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கதை இன்னும் விசேஷம். 1959 மார்ச்சில் ஒலிப்பதிவு செய்த நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடித் தொலைத்தது. விளைவு, தட்டின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சற்று ஏறிப்போய் வந்தது. 1992-இல்தான் திருத்தினார்கள். திருத்திய பதிப்பு சல்லிசாகக் கிடைக்கிறது. சுருதி தப்பிய 1959 தட்டுக்குத்தான் அடிதடி.

வாங்கியவரும் கீறல் விழுந்துவிடுமே என்று அதை உறைக்குமேல் உறை போட்டு அலமாரியில் பூட்டிவிட்டு, பாட்டைச் செல்போனில் கேட்கிறார். செல்போனில் இருப்பது திருத்திய பதிப்பு.