ஐந்து நாள் ஜமீன்

காலை ஒன்பது மணிக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஜமீன்தாரைப் பார்த்துவிடலாம். முதுகில் பை, பைக்குள் ஒரே ஒரு நோட்டு, பாக்கெட்டில் பஸ் பாஸ். டீக்கடையில் நாலைந்து பேர் புடைசூழ நின்று எல்லாருடைய டீக்கும் அவரே ஸ்கேன் செய்கிறார். "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கல்லாப்பெட்டி மேலிருக்கும் ஸ்பீக்கர் ஊருக்கே சொல்கிறது. அப்படியென்றால் உதவித்தொகை ஏறி ஐந்து நாள் ஆகவில்லை என்று பொருள். அதே ஆசாமி டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச்சுவர் சினிமா போஸ்டரில் இசையமைப்பாளர் பெயர் வரை படித்துக்கொண்டிருந்தால் ஆறாம் நாள் தாண்டிவிட்டது. காலண்டரே வேண்டாம்.

ஜமீனின் வருமானத்தில் ஒளிவுமறைவு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். வகுப்பில் யாராவது ஒருவன் "ஏறிடுச்சுடா" என்று முணுமுணுத்தால் போதும்; அடுத்த நொடி எல்லா டெஸ்க்குக்குக் கீழும் வெளிச்சம் தெரியும்.

முதல் நாள் பரோட்டா. இரண்டாம் நாள் ஒகேனக்கல். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். ஒரே வண்டியில் மூன்று பேர். "அருவியில குளிக்க என்ன செலவு?" என்று கேட்டுத்தான் கிளம்புவார்கள். கரையில் மசாலா தடவி வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் மீன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். மூன்றாம் நாள் காதுக்கு மேலே முடியே இல்லாத ஒரு ஹேர்கட். நான்காம் நாள் யாருக்கோ பர்த்டே. கேக் வெட்டுகிறவன் யாரென்றே ஜமீனுக்குச் சரியாகத் தெரியாது, ஆனாலும் பங்கு கொடுப்பார். ஐந்தாம் நாள் போன மாதக் கடனில் பாதியை அடைத்து, மீதிப் பாதிக்கு வாய்தா வாங்குவார். ஆறாம் நாள் விடியும்போது, நெட் பேக் முடிகிறது என்று செய்தி வரும்.

இந்த ரீசார்ஜ்தான் ஜமீனின் பரம விரோதி. அரசாங்கத்துக்கு மாதம் என்றால் மாதம்; போன் கம்பெனிக்கு மாதம் என்றால் 28 நாள். வருஷத்தில் உதவித்தொகை வருவது 12 முறை, ரீசார்ஜ் கேட்பது 13 முறை. ஏறக்குறைய 300 ரூபாய் அதற்கே போய்விடும். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர் இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கிறார். அவரிடம் இல்லாதது கணக்கு அல்ல, காசு.

கடன் வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். முதலில் "சாப்ட்டியா மச்சி?" என்று ஒரு மெசேஜ். அவரிடமிருந்து இந்த அக்கறை வந்தாலே அனுபவசாலிகள் போனை அணைத்துவிடுவார்கள். அகப்பட்டவனுக்கு அடுத்தது வரும்: "ஜீபேல அம்பது போடேன், நைட்டு போட்டுடறேன்." எந்த மாதத்து நைட் என்று யாரும் கேட்டதில்லை. திருப்பிக் கேட்டால் சர்வர் டவுன். யூபிஐ வந்தது 2016-இல். ஜமீன்தார் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தார். அதன் பிறகு அது எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கலாம். இவருக்குக் கைகொடுப்பது அதன் சர்வர்தான்.

அவரைத் திட்டுவதற்கு முன்னால் வம்சத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாத்தா காலத்தில் பணம் வந்தது கடலைக்காய் பிடுங்கும்போது. இல்லையென்றால் மாசி பங்குனியில் புளி உலுக்கும்போது. இடையில் திடீர்ச் செலவு வந்தால் ஒரு ஆடு சந்தைக்குப் போகும். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அவருக்குச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி. ஆக, அந்த வீட்டில் மாதாமாதம் ஒரு தொகையைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் இவர். அறுவடைப் பணம் வந்தால் தாத்தா என்ன செய்தார்? பழைய பாக்கியில் பாதி கொடுத்தார், துணி எடுத்தார், கறி எடுத்தார், பிறகு அடுத்த அறுவடை வரை மளிகைக்கடை நோட்டில் பெயரெழுதி வாழ்ந்தார். தாத்தா வருஷம் முழுக்க ஓட்டிய அதே படத்தை இவர் 30 நாளில் ஓட்டி முடிக்கிறார்.

ஆனால் அந்த வம்சம் ஆண்களோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டது இதே தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-இல். சேமிப்பு, உள்கடன், தவணை, தாமதமாக வந்தால் அபராதம் என்று பெண்கள் அன்றைக்கே வரிசையாக உட்கார்ந்து பழகிவிட்டார்கள். ஜமீன்தாரின் தங்கச்சிக்கும் அதே 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண் திட்டத்தில். பணம் ஏறிய மறுநாள் அவள் தபால் ஆபீஸ் போய் ஆர்.டி. கட்டிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே அந்தச் செலவும் மிச்சம். அண்ணன் "சாப்ட்டியா பாப்பா?" என்று ஆரம்பித்தால், "முன்ன வாங்குன இருநூறு எங்கண்ணா?" என்று அங்கேயே முடித்துவிடுவாள்.

அம்மா ஊர் மகளிர் குழுவின் ஊக்குநர். கூட்டம் நடக்கும் நாளில் நோட்டு எழுதுவது ஜமீன்தார், வீட்டில் பி.காம். படிக்கிறவர் அவர்தானே. திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் ஆள் வேறு. யார் சேமிப்பு கட்டினார்கள், யார் தவணை பாக்கி, வட்டி எவ்வளவு என்று ஒவ்வொருவர் பெயரிலும் கோடு போட்டு எழுதுவார். அஞ்சு ரூபாய் உதைத்தால்கூட எழுந்திருக்க மாட்டார். "யாரோ அபராதம் கட்டல, யோசிச்சுச் சொல்லுங்க பெரியம்மா" என்று உட்கார்ந்துவிடுவார். ஊரார் பணம் அவர் கையில் ஒரு பைசா சிந்தாது.

கணக்கு நேரானதும் பேனாவை மூடாமல் மெதுவாகக் கேட்டார். "அம்மா, ஒரு முன்னூறு..."

"என்னாத்துக்கு சாமி?"

"ரீசார்ஜ்."

"என் பேர்ல கடன்னு எழுதிக்க. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி."

எழுதினார். தேதி, பெயர், தொகை எல்லாம் நிரப்பிவிட்டு ஒரு கட்டத்தில் பேனா நின்றது. "கடன் வாங்கும் காரணம்னு கேட்டிருக்கும்மா. என்ன போடட்டும்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "விவசாயம்னு போடு. என்னிக்காவது வெளையாமயா போயிடும்?"