பற்றற்ற சக்கரம்

கோயம்புத்தூர் வீடுகளில் குழாய் இரண்டு உண்டு. ஒன்றில் சிறுவாணி வரும், வரும்போது வரும். இன்னொன்றில் போர்த் தண்ணி. நாங்கள் சொல்வது சப்பத் தண்ணி. சிறுவாணியில் காபி போடலாம், பருப்பு வேகவைக்கலாம், வெளியூர் விருந்தாளிக்கு ஒரு சொம்பு கொடுத்துவிட்டு அவர் ‘ஆஹா’ சொல்லும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். கார் மட்டும் கழுவக் கூடாது. கழுவுகிற வீட்டுக்கு அந்தத் தெருவில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆகவே எங்கள் ஊர்க் கார்களெல்லாம் சப்பத் தண்ணியில் குளித்து, வெயிலில் காய்ந்து, அலாய் வீல் முழுக்க வெள்ளைப் புள்ளியோடு ஓடுகின்றன.

அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இரும்பு ரிம், மேலே ஒரு வீல் கப். அந்தக் கப் ஏதாவது ஒரு வேகத்தடையில் கழன்று உருண்டு போகும்; கவலையும் அதோடு போய்விடும். அலாய் வீல் அப்படிப்பட்டதல்ல. அலுமினியத்தோடு கொஞ்சம் சிலிக்கானும் மெக்னீசியமும் சேர்த்து வார்த்து, மேலே கண்ணாடி போல் வார்னிஷ் அடித்துக் கொடுக்கிறார்கள். காரின் விலையில் அதற்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பு உரிமையாளரைத் தூங்க விடாது.

வெள்ளைப் புள்ளியாவது வெளியிலிருந்து வருகிறது. பிரேக் தூசி சொந்த வீட்டுப் பகை. பிரேக் பிடிக்கும்போது பேடும் டிஸ்க்கும் உரசி, இரும்புத் துகள் சூடாகப் பறந்து வார்னிஷில் போய்க் குத்திக்கொள்கிறது. குத்திய இடத்திலேயே துருப்பிடித்துக் காவி நிறமாகிறது. முன் வீலில்தான் எச்சா இருக்கும். காரை நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கு முன் பிரேக் தலையில். சின்னக் கார்களில் பின்னால் டிரம் பிரேக். அது தன் அழுக்கைத் தனக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டு யோக்கியனாகத் திரியும்.

இந்த இரும்பை எடுக்க ஒரு திரவம் விற்கிறது. தெளித்தால் இரும்போடு சேர்ந்து கத்தரிப்பூ நிறத்தில் வழியும். அதில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற சரக்குத்தான் முடி நீக்கும் கிரீம்களிலும் இருக்கிறது. வாடையைச் சொல்லி மாளாது. வாசலில் அது ஓடியதைப் பார்த்த அம்மிச்சி, “ஏங்கண்ணு, காருக்குப் பேதி புடுங்கிக்கிச்சா?” என்றார்.

இரும்பு போனபிறகுதான் சீலன்ட், அதாவது அழுக்கு ஒட்டாமலிருக்க வீலுக்குப் போடும் பூச்சு. வீல் ஆறியிருக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது, நிழலில் நிற்க வேண்டும். துணியில் கொஞ்சம் எடுத்து ஸ்போக் ஸ்போக்காகத் தடவி, துடைத்து, சில மணி நேரம் தண்ணீர் படாமல் விட வேண்டும். டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டால் வண்டி பளபளப்பாகப் போய் முன்னால் நிற்கிறவர் டிக்கியில்தான் நிற்கும்.

மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பரவவில்லை, ஒட்டவில்லை, முத்து முத்தாக உருண்டு போனது. தாமரை இலைத் தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்வார்களே, எங்கள் குடும்பத்தில் அந்த நிலையை முதலில் எட்டியது என் முன்பக்க வீல். பிரேக் தூசி வருகிறது, உட்காருகிறது, வேர் விடுவதில்லை. லேசான ஷாம்புத் தண்ணிக்கே கிளம்பிவிடுகிறது.

சிக்கல் ஆயுத பூஜையன்று வந்தது. அம்மிச்சி சந்தனம் குழைத்து வீலில் பொட்டு வைத்தார். வழுக்கியது. மறுபடி வைத்தார். குங்குமத்தையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியது. “சாமி ஏத்துக்கலையாட்ட இருக்குது கண்ணு” என்றபோது அவர் முகத்தில் இருந்த கலக்கத்துக்கு எந்தக் கம்பெனியும் டப்பாவில் எச்சரிக்கை அச்சிடவில்லை. பாலிமர், படலம் என்று நான் தொடங்கிய விளக்கத்தைக் கையமர்த்திவிட்டு, பொட்டை டயருக்கு வைத்தார். ரப்பர் ஒரு பெருமையும் காட்டாமல் வாங்கிக்கொண்டது.

வீலுக்குப் பற்று போனது சரி. அது என்னிடம் வந்து சேர்ந்ததுதான் வினை. சீலன்ட் போடுமுன் மாதக்கணக்கில் அந்த வீலை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது காலையில் பேப்பர் எடுக்கப் போனாலும் குனிந்து பார்க்கிறேன்.

“ஏனுங்க, அதைப் போட்டா கழுவற வேலை கொறையும்னுதானே சொன்னீங்க?”

“கழுவறது சுலபம்னுதான் சொன்னேன். சுலபமா இருக்குதுன்னுதான் கழுவறேன்.”

பதிலில் குற்றம் இல்லை. ஆனாலும் வீட்டில் எடுபடவில்லை.

தூசியைக் குறைக்கும் வழி ஒன்று அவினாசி சாலையில் கிடைத்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. அவர் பெயரில் 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். கட்டி முடிக்கும்வரை கீழே போன வீல்களுக்கெல்லாம் அது பூசிய சிமெண்டுத் தூசியை நான் மன்னித்துவிட்டேன். மேலே சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு, தூசியும் குறைவு. சீலன்ட் டப்பாவில் போட்டிருக்கும் மாதக் கணக்கை நான் பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். காலை பிரேக்கிலிருந்து எடுப்பதில் கிடைக்கும் லாபத்தை அப்படி வகுக்க வேண்டியதில்லை.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கினால் இது கண்கூடு. 40 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களின் முன் வீல் அடிவாரத்தில் கறுத்துப்போய் வாடை அடிக்கும். எந்தச் சீலன்ட்டும் அங்கே துணைக்கு வராது. இரண்டாம் கியரில் இறங்குங்க. கீழே வந்ததும் சூட்டோடு வீலில் தண்ணி ஊத்திடாதீங்க, டிஸ்க் கோணிக்கும். அணைப்பக்கம் மீன் வறுவல் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வண்டி பாட்டுக்கு ஆறட்டும்.