ஒற்றுமைக்கு இலக்கணம்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸின் தொழிற்சங்க உணர்வை மெச்சத்தான் வேண்டும். 2010 பதிப்பில் பழைய காலண்டர் கன்ட்ரோலுக்குச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். இன்றைய தேதியைச் சொல்லும் ‘டேட்’ வாயைத் திறக்காது. போகட்டும், பங்காளி வீட்டுத் துக்கம். பெயரின் முதல் மூன்று எழுத்தை வெட்டித் தரும் ‘லெஃப்ட்’டுக்கும், ஓரத்து இடைவெளியைக் கூட்டித் தள்ளும் ‘ட்ரிம்’முக்கும் என்ன வந்தது? அவையும் வேலைநிறுத்தம்!

‘ப்ராஜெக்டையோ லைப்ரரியையோ காணோம்’ என்று ஒரு அறிவிப்பு வரும். எதைக் காணோம் என்று மட்டும் சொல்லாது. தோழரைக் காட்டிக்கொடுப்பது தர்மமா? பதிலுக்கு, ஒரு பாவமும் அறியாத ‘லெஃப்ட்’டை நிறம் பூசி முன்னால் நிறுத்தும். நாமும் அதைத் திருத்தோ திருத்தென்று திருத்துவோம்.

சமரசம் எளிது. விபிஏ எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸஸ். ‘மிஸ்ஸிங்’ என்றிருக்கும் வரியில் டிக்கை எடுங்கள். காணாமல் போனவரைத் தேட வேண்டாம், பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் போதும். மறுநொடியே தோழர்கள் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு பணியில் இருப்பார்கள். அவர்கள் மனம் மாறுவதற்குள் ஒருமுறை கம்பைல் செய்துவிடுங்கள்.