வாடகைக் குதிரைகள்

கோவை அவிநாசி சாலையில் காது கிழிய உறுமிக்கொண்டு பாயும் காரைப் பார்த்தால் உள்ளே ராக்கெட் இருப்பதாகவே தோன்றும். அடுத்த சிக்னலில் டவுன் பஸ் பக்கத்தில் வந்து நிற்கும்.

சைலன்சர் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. இன்ஜினை ஆளும் ஈசியூவுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது பாவம், கம்பெனி எழுதிக்கொடுத்த பழைய கணக்குப்படியே பெட்ரோல் அளந்துகொண்டிருக்கிறது.

வண்டியைச் சக்தி அளக்கும் டைனோவில் ஏற்றி அதற்கென்றே புதுக் கணக்கு எழுதுவதுதான் கஸ்டம் டியூனிங். டர்போ வண்டிக்குச் செய்தால் காசுக்கு அர்த்தம் உண்டு; பூஸ்ட்டைக் கூட்டினால் 20 சதவீதம்கூட சக்தி ஏறும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் ஏறுவது நாலைந்து குதிரை. பின் சீட்டில் மச்சான் உட்கார்ந்தால் அதுவும் இறங்கிவிடும்.

எல்லா வண்டிக்கும் ஒரே ஃபைலை ஏற்றிவிட்டு ‘ஸ்டேஜ் 2’ என்று பில் போடும் கடைகளும் உண்டு.

“ஏனுங்ண்ணா, டைனோ ரிப்போர்ட் தருவீங்களா?”

“ஓட்டிப் பாருங்க தம்பி, உங்களுக்கே தெரியும்.”

தெரியத்தான் செய்கிறது, கிளட்ச் கருகும் வாசனையாக. வாரண்டியும் போச்சு. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுவிட்டால் காசு கொடுத்து வாங்கிய குதிரைகளும் லாயத்தை விட்டு ஓடிவிடும்.

பந்தயம் ஓட்டுகிறவருக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மற்றவர்கள் முதலில் நல்ல டயரும் பிரேக்கும் போடலாம். ஆனால் பிரேக் உறுமாதே, யார் திரும்பிப் பார்ப்பார்கள்?