சாடைப் பேச்சில் நாயின் பங்கு: வண்டியூரை முன்வைத்து ஓர் ஆய்வு

வளர்ப்புப் பிராணிகளால் மனித வாழ்வு வளம்பெறுகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எதனால் வளம்பெறுகிறது என்பதில்தான் அறிஞர் உலகம் தடுமாறுகிறது. ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, ஹார்மோன் என்று மேல்நாட்டார் உடம்புக்குள்ளேயே துழாவிக்கொண்டிருக்கிறார்கள். விடை மதுரை வண்டியூரில், அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவில் கிடக்கிறது. நேருக்கு நேர் சொல்ல முடியாத ஒன்றை வீட்டு நாயிடமோ பூனையிடமோ சொல்லி, கேட்க வேண்டியவர் காதில் விழவைக்கலாம். இதுவே யாம் நிறுவ முற்படும் கருதுகோள். திருடன் வராமை, எலி குறைதல், மிஞ்சிய சோறு வீணாகாமை முதலிய பிற பயன்கள் எல்லாம் கொசுறு.

களத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வண்டியூர் வைகையின் வடகரையில் இருக்கிறது. அதன் பெயரைச் சுமக்கும் மாரியம்மன் தெப்பக்குளமோ தென்கரையில். ஊர் அக்கரையிலும் பேர் இக்கரையிலுமாக வாழப் பழகியவர்கள், ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்லும் கலையில் தேர்ந்ததில் வியப்பில்லை. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த இந்தக் குளத்தின் நான்கு கரையும் இப்போது காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்காரர்களுக்குச் சொந்தம். பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி. ஒரு சுற்று வருவதற்குள் ஒரு குடும்பத்தின் கால்நூற்றாண்டு வரவு செலவை நாயிடம் சொல்லித் தீர்த்துவிடலாம் என்பதைக் கரையிலேயே கேட்டறிந்தோம். கணவர் முன்னே போவார். நாய் நடுவில். சங்கிலியைப் பிடித்தபடி மனைவி பின்னே.

“பாருடா மணி, நம்மளக் கூட்டியாந்த மனுசன் எம்புட்டு வேகமாப் போறாகன்னு. பின்னால ஒருத்தி வர்றாளா விழுந்தாளான்னு ஒரு பார்வை உண்டா? இப்படித்தான் உங்கத்தை கல்யாணத்துக்கும் என்னய பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனாக.”

இந்தச் சான்றை ஆய்வுலகம் மேலோட்டமாகக் கடந்துபோகக் கூடாது. விளிக்கப்படுபவர் மணி. குற்றம் சாட்டப்படுபவர் முன்னே போகிறவர். ‘உங்கத்தை’ என்ற சொல்லால் நாத்தனார் நாய்க்கு அத்தையாகிவிட்டார். அந்த உறவு முறையிலேயே ஒரு தனிக் குத்து இருக்கிறது. முன்னே போனவர் திரும்பிப் பார்த்து, “யாரச் சொல்ற?” என்றால் விடை தயார்: “நான் நாய்ட்டப் பேசுறேன். ஒங்களுக்கு ஏன் சுருக்குங்குது?” இதற்கு மறுமொழி உலகின் எந்த மொழியிலும் இல்லை.

இம்முறை புதிதென்று எண்ணுவோர் தொல்காப்பியம் பயிலாதவர். ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம் எல்லாம் கேட்பன போலவும் சொல்லுவன போலவும் வைத்துப் பேசலாம் என்று செய்யுளியல் முன்பே அனுமதி வழங்கியிருக்கிறது. சங்க அகப்பாடல்களிலோ இதற்கெனத் தனி மேடையே உண்டு. தலைவன் வேலிக்குப் பின்னால் நிற்பான். அவன் நிற்பது தெரியாதவள்போலத் தோழி தலைவியிடம் பேசுவாள். உரைகாரர்கள் இதைச் ‘சிறைப்புறம்’ என்பார்கள். வண்டியூரில் வேலி போய்க் கொல்லைச் சுவர் வந்திருக்கிறது, தோழி போய் ஜிம்மி வந்திருக்கிறது. திணை மாறவில்லை.

இந்த உத்தியால் கைமேல் காசு பார்த்தவரும் மதுரையில்தான் பார்த்தார். சத்திமுத்தப் புலவர் வறுமையோடு இவ்வூருக்கு வந்து, குளிரில் நடுங்கியபடி இரவில் ஒரு சுவரோரம் ஒதுங்கியிருந்தார். வானில் போன நாரையை அழைத்துத் தம் மனைவிக்குச் சேதி சொன்னார். நகர்சோதனைக்கு வந்த பாண்டியன் காதில் அது விழுந்தது, போர்வையும் கிடைத்தது, பரிசிலும் கிடைத்தது என்பது கதை. நாரை போய்ச் சொல்லிற்றா என்று இன்றுவரை எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதே எமது ஆய்வின் மையம். அவர் நாரையை வளர்த்தாரல்லர் என்று ஒரு தடை எழலாம். வளர்த்திருந்தால் பறந்திருக்காது, பறக்காத நாரையிடம் இவ்வளவு உருக்கமாகப் பேசினால் பாண்டியன் நகர்சோதனையை வேறு தெருவுக்கு மாற்றியிருப்பான்.

கிளியின் தகுதி இதைவிடப் பெரிது. மீனாட்சியம்மன் கையிலேயே கிளி. கோயிலின் கிளிக்கூண்டு மண்டபத்தில் ஒருகாலத்தில் அம்மன் பெயர் சொல்லும் கிளிகள் இருந்தன. அழகருக்கே கிளியைத் தூதனுப்பிய நூல் ஒன்று உண்டு. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய ‘அழகர் கிள்ளைவிடு தூது’. அந்த அழகர் சித்திரையில் வைகையில் இறங்கி வண்டியூருக்குத்தான் வருகிறார். தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கிறார். அம்முனிவர் செய்த பிழை என்ன? துர்வாசர் வந்தபோது தவத்தில் ஆழ்ந்திருந்து, “வாங்க” என்று ஒரு சொல் சொல்லாததுதான். தண்டனையாகத் தவளையாக்கப்பட்டார். வாய்திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவர், மழை பெய்தால் வாய் மூடாத பிராணியாக மாற்றப்பட்ட இந்தச் செய்தியைத் தெருவில் உள்ள கணவன்மார் போதிய கவனத்துடன் படிக்கவில்லை.

இனி மேல்நாட்டுச் சான்றுகள். அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன் 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். யாரிடமும் பேசாத ஒரு சிறுவன், அவருடைய அறையில் தற்செயலாக இருந்த ஜிங்கிள்ஸ் என்ற நாயோடு பேசத் தொடங்கியிருக்கிறான். நாயைத் துணை மருத்துவராகக் கொள்ளலாம் என்றார் லெவின்சன். சக அறிஞர்களில் சிலர் சிரித்தார்களாம். வண்டியூரில் சிரித்திருக்க மாட்டார்கள். சிறுவன் நாயிடம் பேசினான், மருத்துவர் கேட்டார். இதில் எங்களூர்ப் பெண்கள் திருத்த ஒன்றும் இல்லை.

1980இல் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெயர்பெற்றது. இதயநோயால் மருத்துவமனை சென்று திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர் 3. வளர்க்காத 39 பேரில் 11. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதற்கு ஒத்துப்பாடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் வேறுபாட்டுக்குக் காரணம் தேடியவர்கள் நோயாளி நாயைத் தடவினாரா, நடைக்குக் கூட்டிப்போனாரா என்றெல்லாம் யோசித்தார்களே ஒழிய, மனத்தில் கிடந்ததை நாயிடம் சொன்னபோது பக்கத்து அறையில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தாளில் சேர்த்திருந்தால் இதயவியல் வேறு திசையில் போயிருக்கும்.

2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று கண்டார்கள். எமது களத்தில் இதைச் சோதிக்க இயலவில்லை. இங்கே நாயிடம் பேசுகிறவரின் கண் நாய்மேல் இருப்பதே இல்லை.

எல்லாப் பிராணியும் இப்பணிக்கு ஒத்துவராது. நாய்க்கு ஒரு பெருங்குறை உண்டு: தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று நம்பிவிடும். சோகமான இடத்தில் வாலாட்டும், கோபமான இடத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். இங்கே நாய்களுக்குக் கட்டளை ஆங்கிலத்திலும் மனக்குறை தமிழிலும் வழங்கப்படுவது இதற்காகத்தான் போலும். ‘சிட்’ என்றால் உட்காரவேண்டும். “இந்த வீட்ல எனக்கு என்ன மரியாத இருக்கு” என்றால் உட்கார்ந்தபடியே இருக்கவேண்டும். இந்த வகையில் ராஜபாளையம் நாய் தனிச்சிறப்புடையது. 2005இல் அஞ்சல்தலையில் ஏறிய பெருமை அதற்கு உண்டு. வெள்ளை நிறத்தோடு சிலவற்றுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மையும் வந்துவிடுகிறது. வேட்டைக்கு அது குறையாக இருக்கலாம். சாடைக்குக் குறையே அல்ல. கேட்க வேண்டியது நாய் அல்லவே.

பூனையே உத்தமக் கருவி. பூனைகளுக்குத் தம் பெயர் தெரியும் என்று 2019இல் அட்சுகோ சைட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் காட்டினார். பெயர் கேட்டால் காதோ தலையோ லேசாகத் திரும்பும், எழுந்துவருவது அரிது. அதாவது செய்தி வந்துசேர்ந்தது தெரியும், ஆனால் குறுக்கிடாது. பூனையே சாடை பேசும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பசித்த பூனையின் இதமான உறுமலுக்குள் கைக்குழந்தை அழுகையை ஒத்த ஓர் ஒலி ஒளிந்திருப்பதை 2009இல் கேரன் மக்கோம் குழுவினர் கண்டறிந்தார்கள். கொஞ்சுவதுபோல் இருக்கும்; கேட்பது சோறு.

மாமியாரும் மருமகளும் உள்ள வீட்டில் ஒரே பூனை இருதரப்புக்கும் உழைப்பதை நேரில் கண்டோம். மாமியார் தட்டை நகர்த்தியபடி, “இந்தா புஜ்ஜி, நீயாவது தின்னு. உப்பு இருக்கா ஒறப்பு இருக்கான்னு என்னயக் கேக்க இந்த வீட்ல நாதியில்ல.” உள்ளிருந்து மருமகள், அதே பூனையிடம்: “புஜ்ஜி, பிரசர் உள்ளவுகளுக்கு உப்பக் கொறைக்கச் சொன்னது டாக்டரு, நானில்லன்னு சொல்லு.” புஜ்ஜி வெஞ்சனத்தில் கிடந்த மீன்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது. சண்டை அங்கே முடிந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து பூனையைத் திட்டத் தொடங்கியதே காரணம்.

பச்சைக்கிளி கூடாது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் யாம் பரிந்துரைக்க மாட்டோம். சொன்னதைச் சொன்னபடி, சம்பந்தி வந்திருக்கும் நேரம் பார்த்துத் திருப்பிச் சொல்லும். லவ் பேர்ட்ஸ் தாமே ஓயாமல் பேசுவதால் மனிதருக்கு இடம் தருவதில்லை. மீனுக்கு இமை கிடையாது; அவ்வளவு கவனமாகக் கேட்கிற பிராணி வேறில்லை. ஆனால் தொட்டியைப் பார்த்துப் பேசுகிறவரை வீட்டார் வேறு மாதிரி கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆடு முக்கியமான இடத்தில் ‘மே’ என்று ஆமோதித்துப் பேச்சின் கூர்மையை மழுக்கிவிடும்.

ஜல்லிக்கட்டுக் காளை இதற்கெல்லாம் அப்பாற்பட்டது. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் காணப்போகிற காளையை வைத்துக் குடும்ப விவகாரம் பேச யாருக்கும் துணிவில்லை. அந்த வீடுகளில் காளையிடம் நேராகவே பேசுகிறார்கள், அதுவும் மரியாதையாக. காளை காதில் விழக்கூடாதென்று மற்றவர்களிடம் சாடையாகப் பேசுகிற வீடும் உண்டு.

தெருநாய் எல்லாருக்கும் பொது என்பதால் அதன் வழியாகப் பக்கத்து வீட்டையே எட்டலாம். குப்பையைக் கொட்டியவரை விட்டுவிட்டு, குப்பையைக் கிளறிய நாயைக் கேட்கும் கேள்விகளில் எங்கள் தெருவின் உள்ளாட்சி பாதி நடக்கிறது. இங்கே ஒன்றைக் கிண்டலில்லாமல் சொல்லியாக வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. கடிபட்டாலோ கீறல் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போகவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் ஆகாது.

கருதுகோளுக்கு அடங்காத ஒரு வகையும் களத்தில் கிடைத்தது. துணையை இழந்த முதியவர், மகள் ஷார்ஜாவில். கூடத்தில் அவரும் ஒரு நாட்டு நாயும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க ஆளில்லாதபோது சாடை எப்படி நிகழும்? முதலில் இவரை ஆய்விலிருந்தே விலக்க நினைத்தோம். பிறகு இரவு வீடியோ அழைப்பு வந்தது. மகள் எடுத்த எடுப்பில் நாயைத்தான் காட்டச் சொன்னாள். “டேய் கருப்பா, தாத்தா ராத்திரி மாத்திர போட்டாரான்னு கேளு.” முதியவர் நாயின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னார்: “போட்டாச்சுன்னு சொல்லுடா. உங்கக்கா ஏன் மெலிஞ்சிருக்கா, அதக் கேளு மொதல்ல.” அப்பா, மகள் என்று நேரே விளித்தால் இருவரில் ஒருவர் குரல் உடைந்துவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. தாத்தாவுக்குப் பேரன், மகளுக்குத் தம்பி என்று ஒரே அழைப்பில் உறவுமுறை குழம்பிக் கிடந்ததை யாரும் திருத்தவில்லை. நாய் திரையை நக்கியதில் அழைப்பு துண்டிக்கப்பட்டது, மறுபடி வந்தது. ஃப்ரீட்மன் குழுவினர் பார்த்திருக்க வேண்டியது இது.

இம்முறையால் வீட்டில் சண்டை பெருகுமே என்பார் கூற்று நிற்காது. சொல் நாயைச் சுற்றிக்கொண்டு போவதால் வேகம் குறைந்து போய்ச்சேருகிறது. தவிர, ஒவ்வொரு சாடைக்குப் பிறகும் இரு தரப்பும் நாயைத் தம் பக்கம் இழுக்கப் பார்க்கின்றன. அவர் ஒரு பிஸ்கட் போடுவார்; இவர் பால்சோறு வைப்பார். ஆகவே வீட்டின் மனவருத்தம் எவ்வளவோ அவ்வளவு நாயின் உடம்பில் சேர்கிறது என்ற துணைக் கருதுகோளுக்கு வந்தோம். ஐயத்துக்கு இடமின்றி அளக்க, தெருவில் நாய் வளர்க்கும் வீட்டார் அனைவரையும் அணுகி, மாதம் ஒருமுறை நாயை எடைபோட அனுமதி கோரினோம். தங்கள் வீட்டு நாயை எடைபோட ஒருவரும் இசையவில்லை. எதிர்வீட்டு நாயைப் போடுவதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. எடைமேடை வாங்கும் செலவில் பாதியை ஏற்பதாக ஒருவர் எழுதியே கொடுத்துவிட்டார்.