ஆர்.பி.ஜி.க்கு இனிஷியல் என்ன?

ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம்) என்று மொட்டையாகச் சொன்னால் கேம் ஆடுகிறவர்கள் விடமாட்டார்கள். இனிஷியல் என்ன என்று கேட்பார்கள். ஜே.ஆர்.பி.ஜி.யா, சி.ஆர்.பி.ஜி.யா, ஏ.ஆர்.பி.ஜி.யா? நம் ஊர் இனிஷியலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: அப்பா பெயர், அதற்கு முன்னால் வேண்டுமானால் ஊர்ப் பெயர். இங்கே ஜே என்பது ஊர், அதாவது ஜப்பான். சி என்பது வீட்டுச் சாமான், அதாவது கம்ப்யூட்டர். ஏ என்பது சுபாவம். ஆக்‌ஷன், பேச்சுக்கு முன்னால் கை நீளும். எம்.எம்.ஓ. என்றால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே அரக்கனை அடிக்க வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

தள்ளுபடியில் வாங்கிக் குவித்த ஆட்டங்களையெல்லாம் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இந்த வம்பு எனக்குப் புரிந்தது. பக்கத்தில் அக்கா மகன். எங்கள் குடும்பத்தில் இந்தத் துறைக்கு அவன்தான் மேலதிகாரி.

"டார்க் சோல்ஸை ஏன் மாமா ஜே.ஆர்.பி.ஜி.ல போட்டிருக்கீங்க?"

"ஜப்பான்ல செஞ்சதுதானேடா?"

"அதுக்காக?"

"பின்ன ஜே எதுக்கு?"

"ஜேன்னா ஜப்பான் இல்ல மாமா. அது ஒரு ஃபீல்."

2011இல் டோக்கியோ கம்பெனி ஒன்று செய்த ஆட்டம் ஜப்பான் கணக்கில் வராதாம். அது தனிக் குலம். அதன் வாரிசுகளுக்கு சோல்ஸ்லைக் என்று பெயர். போகட்டும் என்று எடுத்தேன். அடுத்து 2025இல் வந்த கிளேர் ஆப்ஸ்க்யூர். பிரான்சின் மோன்பெலியே நகரத்துக்காரர்கள் செய்தது. தெருவிளக்கிலிருந்து தொப்பிவரை பாரிஸ் வாசனை. அதைப் பையன் கொஞ்சமும் தயங்காமல் ஜே ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டான். முறை வைத்து அடித்துக்கொள்கிறார்களாம், எல்லோருக்கும் சோகமான பழங்கதை இருக்கிறதாம். அது போதுமாம்.

வம்சாவளியைத் தோண்டினால் இன்னும் குழப்பம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் மூலவர். காகிதம், பென்சில், பகடை. பார்க்கப்போனால், 'நான் உன்னைக் கொன்றுவிட்டேன்', 'இல்லை, நீ கொல்லவில்லை' என்ற சிறுவர் சண்டைக்கு எழுதிய பஞ்சாயத்துச் சட்டம் அது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முயன்றவர்களில் இருவர் முக்கியம்: 1981இல் வந்த விஸார்ட்ரியும் அல்டிமாவும். இரண்டும் அமெரிக்கப் பிள்ளைகள். அவற்றில் மயங்கிய யூஜி ஹோரி, தன் ஊர்க் குழந்தைகளுக்கும் புரியட்டும் என்று 1986இல் டிராகன் குவெஸ்ட் செய்தார். அடுத்த வருடமே ஃபைனல் ஃபேன்டஸி. ஆக, ஜே என்று இனிஷியல் போட்டுக்கொள்கிற குடும்பத்தின் தாத்தா அமெரிக்கர். அந்த ஜேயும் அவர்களே வைத்துக்கொண்டதல்ல. ஃபைனல் ஃபேன்டஸியின் பதினாறாம் பாகத்தைத் தயாரித்த நவோகி யோஷிதா 2023இல் இதைப் போட்டு உடைத்தார். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது ஜப்பானியக் கலைஞர்கள் சிலருக்குத் தங்களைக் கேலி செய்து ஒதுக்கியதுபோல் இருந்ததாம். நியாயம்தானே. பக்கத்து வீட்டுக்காரன் வைக்கிற பெயர் என்றைக்குப் பட்டமாக இருந்திருக்கிறது, பட்டப்பெயராகத்தான் இருக்கும்.

ரோக்லைக் வகைக்காரர்கள் கதை வேறு. 1980இல் கலிபோர்னியாவில் கல்லூரிப் பையன்கள் ரோக் என்று ஓர் ஆட்டம் செய்தார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்துகள். மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்தச் சுழிதான் கதாநாயகன். ஆங்கில நெடுங்கணக்கின் பெரிய எழுத்துகள் இருபத்தாறும் இருபத்தாறு அரக்கர்கள். செத்தால் செத்ததுதான்; மறுபடி ஆரம்பித்தால் பாதாளமே வேறு மாதிரி இருக்கும். அதன் சாயலில் ஆயிரம் ஆட்டங்கள் வந்த பிறகு, எது அசல் வாரிசு என்று தீர்க்க 2008இல் பெர்லினில் ஒரு மாநாட்டில் கூடி லட்சணங்களை எழுதி வைத்தார்கள். முக்கிய லட்சணம், உப லட்சணம் எல்லாம் உண்டு. ஐந்திணைக்குள் அடங்காததைக் கைக்கிளை, பெருந்திணை என்று வைத்த தொல்காப்பியர் அங்கே போயிருந்தால் மேடையில் நாற்காலி போட்டிருப்பார்கள்.

இனிஷியல் நிலையானதுமல்ல. டையாப்லோ முதலில் ரோக் பாணியில் முறை வைத்து அடிக்கிற ஆட்டமாகத்தான் உருவானது. முறையை எடுத்துவிடலாம் என்று மற்றவர்கள் நச்சரிக்க, அதைச் செய்த டேவிட் பிரெவிக் அரை மனதாகச் சில மணி நேரத்தில் மாற்றிப் பார்த்தார். எலும்புக்கூட்டின் மேல் ஒரு கிளிக்; அது அப்போதே நொறுங்கி விழுந்தது. அதோடு தீர்ந்தது விவாதம். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியத்திலோ அடிக்கத் தனி ஏற்பாடே கிடையாது. நாயகன் குடித்துத் தன்னையே மறந்துபோன போலீஸ்காரன். கழுத்து டை அவனோடு பேசும். உடம்பு மோசமாக இருந்தால், ஓடுகிற மின்விசிறியில் மாட்டிய அந்த டையை எடுக்கப்போய் மாரடைப்பில் சாகலாம். இதுவும் ஆர்.பி.ஜி. ஆனால் 2007இலேயே சுட்டுச் சுட்டு அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறவிட்ட கால் ஆஃப் டூட்டி ஆர்.பி.ஜி. இல்லையாம்.

கடைசியில் நானே வகை பிரித்தேன். உலகம் அழியப்போகிற நேரத்தில் உட்கார்ந்து சீட்டாடும் வகை: விட்சர் மூன்றாம் பாகம். டிராகனையே வீழ்த்தினாலும், பையில் இரும்புச் சாமான் ஒன்று கூடினால் ஓடமுடியாமல் தவழும் வகை: ஸ்கைரிம். முன்பின் தெரியாதவர் வீட்டில் நுழைந்து பானையை உடைத்துக் காசு பொறுக்கும் வகை: டிராகன் குவெஸ்ட். இந்தப் பிரிவில் ஊர்ச் சண்டை கிடையாது. ஆடுகிறவன் உண்மையில் என்ன செய்கிறான் என்பது மட்டுமே கணக்கு.

"டார்க் சோல்ஸ்?" என்றான்.

"அதுலயும் உருண்டு உருண்டு பானையத்தானே உடைக்கிறோம். டிராகன் குவெஸ்ட் பக்கத்துல போடு."

கொஞ்சம் யோசித்தான். மறுக்க முடியவில்லை. நானே தெம்பாக செல்டாவையும் அதே ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பானை உடைப்பதில் அதன் நாயகனை மிஞ்ச ஆள் கிடையாது.

பையன் மௌஸைப் பிடுங்கிக்கொண்டான்.

"மாமா, அது ஆர்.பி.ஜி.யே இல்ல."

"எவன்டா சொன்னது?" என்றேன்.